‘புயல் வலுவிழந்தது’ என்று செய்தி வந்தபிறகு என்ன செய்வது? ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழு வழிகாட்டி

2020 டிசம்பர் 4, காலை. புரெவி புயல் வலுக் குறைந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது என்று டிவியில் எழுத்து ஓடியது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் அதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார். முந்தின நாள் மாமியார் வீட்டு மாடியில் கொண்டுபோய் வைத்த மெத்தை, அரிசி மூட்டை, மிக்ஸி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். "அதான் செத்துப்போச்சாம்லப்பா, இன்னும் எதுக்கு அங்கன போயிக் கெடக்கணும்?" என்றார். அந்தச் ‘செத்த’ புயல் அப்போது மன்னார் வளைகுடாவுக்குள், நம் கரைக்குப் பக்கத்திலேயே, நகராமல் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் மெத்தை நனைந்துவிட்டது.

புயல் வருகிறது என்றால் நம் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். கோட்டை விடுவது ‘வலுவிழந்தது’ என்ற செய்திக்குப் பிறகுதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நேரத்தைப் பற்றியது.

எது குறைந்தது, எது குறையவில்லை

வானிலை ஆய்வு மையம் புயலின் பெயரை மாற்றுவது காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 50 முதல் 61 கி.மீ. வரை என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். அதற்கு மேல் மிகத் தீவிரம். மழை எவ்வளவு பெய்யும், கடல் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் இந்தப் பெயருக்குள் கிடையாது.

காற்று குறைவது நிஜமான நிம்மதிதான். காற்று ஒரு சுவரைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறி இறங்கும். 90 கி.மீ. காற்று 60 ஆனால், தள்ளும் விசை பாதிக்கும் கீழே வந்துவிடும். கூரைக்கு அது பெரிய விஷயம். ஆனால் மேகத்தில் இருக்கும் ஈரம் அந்தக் கணக்கில் குறையாது. புயல் மெதுவாக நகர்ந்தாலோ நின்றுவிட்டாலோ ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். மையம் இருக்கும் இடத்தில்தான் கொட்டும் என்றும் இல்லை. புரெவி நம் பக்கம் நின்று மெலிந்துகொண்டிருந்தபோது, 200 கி.மீ.க்கும் வடக்கே சிதம்பரம், கொள்ளிடம் பக்கம் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் பெய்து நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் கொட்டியது. அன்றைக்குப் புயலே கிடையாது. பெயரில்லாத மழைதான் தீவை முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது.

இன்னொரு நம்பிக்கையும் இங்கே உண்டு: "எலங்கையில மோதுனா வலு போயிரும், நமக்கு ஒண்ணும் ஆகாது." பல தடவை அப்படி நடந்திருக்கிறது. தரைக்கு மேல் போனால் வெதுவெதுப்பான கடலிலிருந்து கிடைக்கும் தீனி நின்றுபோகும். ஆனால் இலங்கையைத் தாண்டியதும் மறுபடி கடல்தான். 1964 டிசம்பர் 22 அன்று வடக்கு இலங்கையைக் கடந்து வந்த புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது அந்த இரவில். இலங்கை நமக்குச் சுவர் என்று நம்புகிறவர்களுக்கு அந்த இடிந்த தேவாலயம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

முதல் வேலை: அறிக்கையில் நான்கு வரிகளைத் தேடுங்கள்

பெயரை விடுங்கள். மையம் எங்கே, மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது, காற்று ‘இடையிடையே’ எவ்வளவு, நம் மாவட்டத்துக்கு மழை எச்சரிக்கை என்ன நிறம். இந்த நான்கும் போதும்.

‘55 முதல் 65 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 75 கி.மீ. வேகத்திலும்’ என்று எழுதியிருந்தால் உங்கள் கூரைக்கு 75தான் கணக்கு. ஷீட்டைப் பிடுங்குவது சராசரிக் காற்று அல்ல, அந்த ஒரு வீச்சு. நகரும் வேகம் மணிக்கு 5, 6 கி.மீ. என்றோ ‘அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது’ என்றோ இருந்தால் மழைக்குத் தயாராகுங்கள். எனக்கு இந்த வரி ஒன்றுதான் உண்மையில் பயம் தரும்.

இரண்டாவது வேலை: எந்தக் கடல் ஏறும் என்று கண்டுபிடியுங்கள்

நம் மாவட்டத்துக்கு மட்டும் இருக்கும் சிக்கல் இது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல். ஒரே புயலுக்கு இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

நம் பக்கம் புயல் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே எளிய வழி: காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கைப் பக்கம்தான் புயலின் மையம். செல்போன் டவர் விழுந்த பிறகும் இந்தக் கருவி வேலை செய்யும்.

மையம் நமக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் இருந்தால் இங்கே வாடையும் (வடக்குக் காற்று) கொண்டலும் (கிழக்குக் காற்று) அடிக்கும். வடகடல் ஏறும். அந்தக் கடல் ஆழமில்லாதது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூடக் கிடையாது. ஆழமில்லாத கடலில் காற்று தள்ளும் தண்ணீர் அடியில் திரும்பிப் போக இடமில்லாமல் கரையில் குவியும். வரைபடத்தில் பாருங்கள்: தேவிபட்டினத்திலிருந்து ஆற்றங்கரை வழியாக மண்டபம் வரை கரை ஒரு மூலைபோல வளைகிறது. வடகிழக்குக் காற்று தண்ணீரை அந்த மூலைக்குள்தான் தள்ளும். தங்கச்சிமடத்தின் வடகரை, மண்டபம் வடக்கு எல்லாம் அதே வரிசை.

மையம் மேற்கே நகர்ந்துபோன பிறகு காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கும். ‘வலுவிழந்தது’ என்ற செய்தி பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வரும். அப்போது தென்கடலின் முறை: பாம்பன் தெற்கு, வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர். அலையைக் கொஞ்சம் உடைக்கும் பவளப்பாறைகளும் 21 தீவுகளும் அங்கே உண்டு. கடல்மட்டமே ஏறிவிட்டால் அலை பாறைக்கு மேலாகவே வந்துவிடும்.

மையம் நமக்கு வடக்கே, நாகை, வேதாரண்யம் பக்கம் கரை கடந்தால் கதை வேறு. இங்கே மேற்குக் காற்று அடித்து, தொண்டி பக்கம் கடல் உள்வாங்கும். சங்கு பொறுக்க, செல்ஃபி எடுக்க என்று ஒரு கூட்டம் சேற்றில் இறங்கும். காற்று தள்ளிவைத்திருக்கும் தண்ணீர் அது. காற்று திரும்பினால் தண்ணீரும் திரும்பும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் மண்டபம், வேதாளை பக்கத்துக் குடிசைகளின் தரைமட்டத்துக்கு அரை மீட்டரே பெரிது.

படகு

காற்று திசை மாறும் என்பதைப் படகுக்காரர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆனாலும் சேதம் நடப்பது பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான். வாடைக்கு மறைவு என்று தென்கரையில் கொண்டுபோய்க் கட்டிய படகு, காற்று சோழகமாக (தெற்குக் காற்று) திரும்பியதும் பாறையில் மோதும். ஒரே திசைக்கு நங்கூரம் போட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். இரண்டு திசைக்கும் போடுங்கள். பாம்பன் கால்வாய் வழியாகக் கடல் மாற்ற வேண்டுமென்றால் காற்று கூடுவதற்கு முன்பே பாலம் திறக்கும் நேரத்தில் கடந்துவிட வேண்டும். காற்றும் நீரோட்டமும் கூடியபிறகு அந்த இடுக்கில் படகை ஓட்டுவது விஷப்பரீட்சை.

கயிறு அறுவது நடுவில் அல்ல. படகின் விளிம்பில் உரசும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் அறும். அந்த இடத்தில் பழைய தோட்டத்து ஹோஸ் குழாயை நீளவாக்கில் கீறிச் சுற்றி, மேலே சணலால் இறுக்குங்கள். ஹோஸ் இல்லையென்றால் பழைய சாக்கை நான்கு மடிப்பாகச் சுற்றலாம். இருட்டுவதற்கு முன் ஒருமுறை போய்த் தொட்டுப் பாருங்கள். நூல் பிரிந்து மொசுமொசுவென்று இருந்தால் கயிற்றை அரை முழம் நகர்த்திக் கட்டுங்கள். படகுக்கும் படகுக்கும் நடுவே டயர். வல்லம், வத்தை போன்ற சிறு படகுகளை, முன்பு கடல் பெரிதாக ஏறியபோது பாசி ஒதுங்கிய கோட்டைத் தாண்டி மேலே இழுத்து, எஞ்சினைக் கழற்றிவிடுங்கள்.

புயல் வலுவிழந்ததும், கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டைப் பற்றி "டோக்கன் எப்பக் கொடுப்பாங்க?" என்ற கேள்வி வந்துவிடும். வயிற்றுப்பாடு, புரிகிறது. ஆனால் காற்று நின்ற பிறகும் அலை நிற்காது. எங்கோ கிளம்பிய அலை மறுநாள் வந்து சேரும். கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயரத்தைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

கூரை

கான்கிரீட் வீட்டுக்காரர்கள் மாடியிலிருக்கும் தகரம், பூந்தொட்டி, டிஷ் இவற்றை உள்ளே எடுத்துவைத்து, தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பினால் போதும். காலித் தொட்டிதான் பறக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் வீடுகளில் ஓரத்து வரிசைதான் முதலில் கிளம்பும். அந்த வரிசையின் ஜே போல்ட்டுகளை ஸ்பானர் போட்டு இறுக்குங்கள். நட்டு துருப்பிடித்துச் சுற்றவில்லையென்றால் அந்த ஷீட்டை உள்பக்கச் சட்டத்தோடு கம்பியால் கட்டுங்கள். கல்லையும் செங்கல்லையும் தூக்கிக் கூரையில் வைப்பது நம் ஊர் வழக்கம். அது வேண்டவே வேண்டாம். ஷீட் எழும்பினால் அந்தக் கல் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. மணல் மூட்டை வைத்தால் ஒன்றோடொன்று கயிறு கட்டி இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள்.

கிடுகுக் கூரைக்குப் பழைய மீன்வலையை மிஞ்சி எதுவும் இல்லை. கிழிந்த வலையைக் கூரை முழுக்கப் போர்த்தி, நான்கு பக்கமும் பனங்கட்டையை முளையடித்து இழுத்துக் கட்டுங்கள். முளையைத் தரையில் நேராக அடிக்காதீர்கள், வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்த்து அடியுங்கள். மழையில் மணல் இளகினாலும் அப்போதுதான் பிடுங்கிக்கொண்டு வராது.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் 80 கி.மீ. காற்றுக்கு நின்ற வேம்பும் முருங்கையும் மூன்றாம் நாள் 50 கி.மீ. காற்றுக்குச் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். மண் ஊறிப்போயிருக்கும், வேருக்குப் பிடிமானம் இருக்காது. ‘வலுவிழந்த’ நாளில் பைக்கை மரத்தடியில் நிறுத்தாதீர்கள்.

வீட்டைவிட்டுப் போவதா, இருப்பதா

உங்கள் வீட்டுச் சுவரில் பழைய தண்ணீர்க்கோடு இருக்கிறதா? இருந்தால் போய்விடுங்கள். ஓலை, ஷீட் வீடு கடலோரத்தில் இருந்தாலும் போய்விடுங்கள். கர்ப்பிணி, படுக்கையில் இருக்கும் முதியவர், டயாலிசிஸ் எடுக்கிறவர் வீட்டில் இருந்தால் எந்த வீடாக இருந்தாலும் முன்னதாகவே நகர்த்துங்கள். பலத்த காற்றில் பாம்பன் ரயில் பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். சாலைப் பாலத்திலும் போக்குவரத்தை நிறுத்தினால் தீவிலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வழியே இல்லை.

போவதானால் வெளிச்சத்திலேயே போங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, படகுப் பதிவுப் புத்தகம், மீனவர் பாஸ்புக், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரை மூடி, ஆடு மாட்டை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட ஆடு முழங்கால் தண்ணீரிலேயே செத்துப்போகும்.

கடினமான கேள்வி, பேரிடர் மையத்திலிருந்து எப்போது திரும்புவது என்பது. அங்கே கொசு, சோறு சரியில்லை, வீட்டில் கோழி இருக்கிறது என்று ஆயிரம் காரணம் வரும். என் பெரியம்மா புரெவி சமயத்தில் இரண்டாம் நாளே கிளம்பி நின்றார். "பெரிம்மா, காத்து திரும்பட்டும், அதுக்கப்பறம் ஒரு ஏத்தமும் போகட்டும், நானே கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். நான் இன்றைக்கும் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்: காற்று திசை மாறி முடிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு கடல் ஒரு தடவை ஏறி வற்றியிருக்க வேண்டும், மாவட்டத்துக்குச் சிவப்போ ஆரஞ்சோ மழை எச்சரிக்கை இருக்கக் கூடாது.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108, மின்கம்பி அறுந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. போனில் மட்டுமல்ல, சுவரிலும் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் இருக்காது.

மழைத்தண்ணீர் ஏன் வடியாது

கடல் ஏறி நிற்கும்போது ஓடையும் வாய்க்காலும் கடலில் சேரும் முகத்துவாரம் அடைபட்டுவிடும். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் நிற்கும், சில இடங்களில் உப்புத்தண்ணீர் வாய்க்கால் வழியாகவே உள்ளே வரும். முகத்துவாரத்தில் மணல் மேடு சேர்ந்திருந்தால் புயலுக்கு முன்பே ஊர்க்கூட்டம் போட்டு, பஞ்சாயத்தைக் கூப்பிட்டு வெட்டிவிட வேண்டும். இரவு 12 மணிக்குக் கொட்டும் மழையில் ஜேசிபி தேடினால் கிடைக்காது.

இன்னொரு தண்ணீர் தாமதமாக வரும். வலுவிழந்த மேகம் மதுரை, தேனி மலைகளில் போய்க் கொட்டினால் அது வைகை வழியாக நாள் கணக்கில் தாமதித்து நம்மிடம் வரும். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. நமக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் இந்த எண்களைக் கவனியுங்கள். பார்த்திபனூர் மதகணையில் திறக்கும் தண்ணீர் கண்மாய்களை நிரப்பி, ராமநாதபுரம் பெரிய கண்மாய் மறுகால் போனால் ஆற்றங்கரை பக்கம் கடலை நோக்கித்தான் வரும். கண்மாய்க் கரையில் ஈரக்கசிவு, நண்டு வளை, எலி வளை தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். கரை உடைந்தபிறகு மணல் மூட்டை தூக்குவதில் பிரயோசனமில்லை.

தண்ணீர் இறங்கிய பிறகு

சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ. வீடு, கூரை, படகு, வலை, வயல் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் கணக்கெடுக்க வருகிறவர்களிடம் காட்டுங்கள். நாங்கள் ஒரு தடவை நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். வந்தவர் "சேதம் ஒண்ணும் தெரியலையே" என்று எழுதிக்கொண்டு போனார்.

நனைந்த சுவரில் சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீரில் மூழ்கிய எஞ்சினை ஒருமுறை ஸ்டார்ட் செய்துதான் பார்ப்போமே என்று கயிற்றை இழுக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, ஆயிலை மாற்றி, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கிணறுதான் பொறுமை கேட்கும் வேலை. கடல்நீர் புகுந்த உறைக்கிணற்றை மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்காதீர்கள். நம் மணலில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. மேலே உள்ளதை வேகமாக எடுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், உறையும் சரியலாம். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு நாள் இறையுங்கள். மழைத்தண்ணீர் மட்டும் புகுந்திருந்தால் கலங்கல் தெளிந்தபிறகு பிளீச்சிங் பவுடர் போடலாம். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். ஒரு மீட்டர் அகலமுள்ள உறைக்கிணற்றில் இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 1570 லிட்டர். நான்கு கிராம் போதும். பவுடரை நேராகக் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருங்கள். குடிப்பதற்கு அதையும் கொதிக்கவைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, சேறு காய்வதற்குள் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாசல் சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, தேதியையும் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. கீழே இருப்பது ‘2020, வாடை’. அதற்கு ஒரு சாண் மேலே ‘2024, வெறும் மழை’.